புள்ளிக்கோடு

எங்கள் குடும்பத்தின் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு தடவை. அதையும் புள்ளிக்கோட்டில் போட்டுக் கெடுத்தார்கள்.

ஊர்க் கிறிஸ்தவக் கோவிலுக்கு அது நூற்று இருபத்தைந்தாம் ஆண்டு. செம்பட்டியில் இறங்கி உள்ளே போகும் ரோட்டில் இருக்கிறது ஊர். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அதற்கும் ஒரு கமிட்டி கூட்டுவார்கள். விழாவுக்கு மலர் போட்டார்கள். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர். நடுவில் 'நம் பங்கின் மூத்த குடும்பங்கள்' என்று வம்ச மரங்களை வரைந்திருந்தார்கள். எங்கள் மரத்தின் உச்சியில் என் பூட்டன் சவரியப்பன், பூட்டி ஞானம்மாள். அவர்களுக்குக் கீழே இரண்டு மகன்கள். இளையவர் சூசைமாணிக்கத்துக்குக் கெட்டியான கறுப்புக் கோடு. மூத்தவர் பிச்சைமுத்து, என் தாத்தா. அவருக்குப் புள்ளிக்கோடு. யாருக்காவது புரியாமல் போய்விடுமோ என்ற கவலையில் அடியில் பொடி எழுத்தில் விளக்கம் வேறு: 'வளர்ப்பு. கீழத்தெருவிலிருந்து பெறப்பட்டவர்.'

அதை எனக்கு முன்னால் படித்தவர் அப்பா. திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். ஒரு கையில் ஊசி, மறு கையில் மலர். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நெரிசலில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அன்றைக்கு அவர் முகமே செத்துப்போயிருந்தது.

"அமலா, நம்மள வெளிய நிறுத்திட்டாங்கெ பாரு," என்றார்.

வாங்கிப் படித்தேன். உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"கீழத்தெருக்காரி பிள்ளையா எங்க தாத்தா? எவன் எழுதுனது இத? அவன் நாக்கு அழுகிப் போக!"

வார்டே திரும்பிப் பார்த்தது. இயந்திரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

"கத்தாத தாயி," என்றார் அப்பா. "எந்தத் தெருவுன்னு எனக்குக் கவலையில்ல. உங்கம்மா பக்கத்துல எனக்கு இடம் உண்டா இல்லையா? அத மட்டும் கேட்டுட்டு வா."

விஷயம் அதுதான். அம்மா மதலைமேரி பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சவரியப்பன் குடும்பத்துக்கென்று இருக்கும் இடத்தில் அவளை வைத்தோம். பக்கத்தில் ஓர் ஆள் படுக்க இடம் விட்டு, அப்பாவே நான்கு மூலையிலும் செங்கல் பதித்தார். தாத்தாவும் அப்பத்தாவும் கொடைக்கானல் மலையில் எஸ்டேட் வேலைக்குப் போன இடத்திலேயே இறந்து அங்கேயே அடக்கமாகிவிட்டார்கள். அதனால் ஊரில் எங்கள் கிளைக்கு அம்மா மட்டும்தான். அப்பாவுக்கு அந்தச் செங்கல் இடத்தைத் தவிர வேறு ஆசை எதுவும் மிச்சம் இல்லை.

கல்லறைத் தோட்டத்தின் நடுவே நெஞ்சளவு உயரத்தில் ஒரு சுவர் ஓடும். இந்தப் பக்கம் மேலத்தெரு, அந்தப் பக்கம் கீழத்தெரு. ஒரே கோவில், ஒரே பூசை, ஒரே மோட்சம். புழு தின்பதற்கு மட்டும் தனித்தனி இடம். சுவரை இடித்தாக வேண்டும் என்று ஒவ்வொரு பங்குச்சாமியும் வந்த புதிதில் சொல்வார். அவர் மாற்றலாகிப் போவார், சுவர் அங்கேயே நிற்கும். புள்ளிக்கோட்டுக்கு அர்த்தம் இதுதான்: உன் அப்பனைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போ.

அன்றைக்கே ஸ்டான்லிக்குப் போன் போட்டேன். சூசைமாணிக்கத்தின் பேரன், முறைக்கு எனக்கு அண்ணன். செம்பட்டி ஜங்ஷனில் சிமெண்ட் கடை. பங்குப் பேரவையின் செயலாளர். மலரைத் தொகுத்தவரும் அவரே.

"என்னண்ணே எழுதி வச்சிருக்கீங்க?"

"எழுதுனது நானில்ல தாயி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழுல இருந்த வெள்ளக்காரச் சாமியாரு. ஞானஸ்நானப் பதிவேடு. பாத்தேன், போட்டேன். அம்புட்டுத்தான்."

"இத்தன வருசமா இல்லாத பதிவேடு இப்பத்தான் கண்ணுல பட்டுச்சாக்கும்?"

"நீ எங்க வீட்டுப் பேப்பரக் கெளறுன. நான் உங்க வீட்டுப் பேப்பரக் கெளறுனேன்," என்று சொல்லிச் சிரித்தார்.

காரணம் விளங்கிவிட்டது. நான் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குக் கிளைம் விசாரிப்பவள். செத்தவர்களின் பேப்பர்களில் பொய் தேடுவதுதான் என் பிழைப்பு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டான்லியின் மாமனார் ஃபைல் என்னிடம் வந்தது. மனுஷன் சர்க்கரை வியாதியை மறைத்துப் பாலிசி எடுத்திருந்தார். மருந்துக்கடை பில் வரைக்கும் தோண்டி எடுத்து உள்ளதை உள்ளபடி எழுதினேன். கிளைம் போய்விட்டது. அதற்கப்புறம் ஸ்டான்லி வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. அப்படியே விட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அறைக்குப் போனேன். பங்குச்சாமி சின்ன வயசுக்காரர். 'எனக்கு இங்க வந்து ஆறு மாசந்தான் ஆச்சு' என்பதைப் பேச்சுக்குப் பேச்சு சொன்னார். ஸ்டான்லியும் பேரவை ஆட்கள் நால்வரும் எனக்கு முன்பே நாற்காலிகளைப் பிடித்திருந்தார்கள். எனக்கு ஒன்றை இழுத்துப் போட ஒருவனுக்கும் கை வரவில்லை.

ஸ்டான்லி பதிவேட்டை விரித்து விரலை வைத்தார். வெள்ளைக்காரச் சாமியார் கற்றுக்கொண்ட தமிழ், ஆனால் கையெழுத்து தெளிவு. பிள்ளையின் பெயர் பிச்சைமுத்து. தாய், கீழத்தெரு மரியாயி. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பிள்ளையை ஏந்தி நின்ற ஞானத்தந்தை, வத்தலக்குண்டு அருளப்பன். ஓரத்தில் ஒரு குறிப்பு: 'சவரியப்பன் வீட்டார் விலைக்கு வாங்கி வளர்க்கும் பிள்ளை.'

 போனில் படம் எடுத்தேன், முதல் படம் கலங்கிப்போனது. மறுபடி எடுத்தேன். ஸ்டான்லி அதைப் பார்த்து ரசித்தார்.

"எங்க அப்பத்தாளும் தாத்தனும் மாமன் மகள் முறைண்ணே. ஞானம்மா பூட்டியோட அண்ணன் மகளத்தான் எங்க தாத்தா கட்டுனாரு. ஊருக்கே தெரியும்," என்றேன்.

"வளத்த பிள்ளைக்கும் மாமன் மாமன்தான் தாயி. முறை இருக்கும். ரத்தம் இருக்குமா?"

"அப்ப ரத்தத்தையே பாத்துருவோம். டி.என்.ஏ. டெஸ்ட் எடுங்க."

"எங்க ஒடம்புல எதுக்கு ஊசி குத்தணும்? பொய்யின்னு சொல்றது நீ. நீ நிரூபி. கோவில் பதிவேட்டுலருந்து எடுத்துட்டு வா, நான் தலையாட்டுறேன்."

அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்குள் கோவில் ஆவணத்தோடு நான் நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவுக்கு அங்கே இடம் கிடையாது. அதோடு முடிக்கவில்லை. அம்மாவின் எலும்புகளையும் எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் மாற்ற வேண்டுமாம். "தோண்ட ஆள் கெடைக்கலன்னா சொல்லு, நானே அனுப்பி வைக்கிறேன்," என்றார் ஸ்டான்லி. பங்குச்சாமி மேசை விரிப்பின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை முட்டியது. அவமானம் ஒரு பக்கம். பதிவேடு சொல்வது உண்மையாக இருந்தால் என்ற பயம் இன்னொரு பக்கம். எத்தனையோ குடும்பங்களின் முகத்துக்கு நேராகப் பேப்பரை நீட்டி, 'எழுதியிருக்கே, இதுக்கு என்ன சொல்றீங்க' என்று கேட்டவள் நான். இப்போது என் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஊசியைக் கழற்றிக் கட்டுப் போட்டவர் அன்றைக்கு என்னை உற்றுப் பார்த்த அதே நர்ஸ். ஐம்பதைத் தாண்டியவர். வேலையை முடித்துவிட்டு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"நானும் உங்க ஊருதான். கீழத்தெரு. பேரு புஷ்பமேரி," என்றார். "நீங்க அன்னைக்குக் கத்துனீங்களே, கீழத்தெருக்காரின்னு. பதிவேட்டுல தாயின்னு போட்டிருக்குன்னு ஊரே பேசுதே, அந்த மரியாயி எங்கப்பாவோட அப்பத்தா."

கையுறையைக் கழற்றியபடியே தொடர்ந்தார்.

"ஸ்டான்லி எழுதுனதுக்கு எனக்குக் கோவம் வரல. அவன் அப்பிடித்தான். ஆனா நீங்க? எங்க பிள்ளைன்னா உங்களுக்கு அம்புட்டு அசிங்கமா? உங்கப்பா ஒடம்புல ஓடுற ரத்தத்த வாரத்துக்கு மூணு தடவ கழுவி அனுப்புறவ நான். அப்ப மட்டும் எந்தத் தெருக் கையின்னு கேக்கலையே."

"சிஸ்டர், நான் அந்த அர்த்தத்துல..."

"எந்த அர்த்தத்துல?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார்.

 அவர் கேட்டது நியாயம். ஸ்டான்லியின் சுவரை நான் என் வாயில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அது தெரிந்தும் எனக்குப் புஷ்பமேரி மேல் கோபமும் வந்தது. நியாயம் பேசுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் கோபம் வரும்.

கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும். போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, ஒரு கிளைம் ஃபைலைப் பார்ப்பதுபோல் முதலிலிருந்து பார்த்தேன். பேப்பர் தானாகப் பேசுவதில்லை. யாரோ ஒருவர் சொல்லித்தான் இன்னொருவர் எழுதுகிறார். சொன்னது யார்? அவருக்கு எங்கேயிருந்து தெரியும்? உண்மையைச் சொன்னால் அவருக்கு என்ன நஷ்டம்? இந்த மூன்றையும் கேட்காமல் எந்தச் சான்றிதழையும் நான் நம்பியதில்லை. என் வீட்டுச் சான்றிதழ் என்றதும் எனக்கே அது மறந்துபோயிருந்தது.

சாமியாருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்தான். ஒரு பிள்ளையை ரகசியமாக விலைக்கு வாங்கியவன், அதைக் கோவிலில் வைத்துச் சொல்லி ஏட்டில் ஏற்றுவானா? மறைக்கத்தானே பார்ப்பான்? இவர்கள் ஊருக்கே கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். வசதியான மேலத்தெருக் குடும்பத்தின் மூத்த மகனுக்குப் பிச்சை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு வந்ததும் எனக்குப் பொறி தட்டியது.

மறுநாளே ஊருக்குப் போய் அடக்கப் பதிவேட்டைக் கேட்டேன். ஞானஸ்நானப் பதிவேட்டைத் தாண்டி ஸ்டான்லி வேறு எதையும் திறந்ததில்லை என்று அதன் மேல் இருந்த தூசியே சொன்னது. பங்குச்சாமி துடைத்துக் கொடுத்தார். தாத்தா பிறப்பதற்கு முந்தைய ஆறு வருஷத்தைப் புரட்டினேன். 'சவரியப்பன், ஞானம்மாள் தம்பதியரின் ஆண் பிள்ளை, வயது பத்து நாள்.' அடுத்தது, 'பெண் பிள்ளை, வயது இரண்டு மாதம்.' அதற்கடுத்தது, 'ஆண் பிள்ளை, வயது ஒரு நாள்.' அந்த மூன்று வரிகளையும் படித்தபோது ஸ்டான்லியை நான் மறந்துவிட்டேன். வரிசையாக மூன்றைக் குழியில் வைத்துவிட்டு நான்காவதைச் சுமந்தவளின் வயிற்றை மட்டும்தான் நினைத்தேன்.

அந்தக் காலத்தில் பிள்ளை தங்காத வீடுகளில் என்ன செய்வார்கள் என்று நம்மில் யாருக்குத்தான் தெரியாது? அடுத்துப் பிறந்ததைத் தவிட்டோடு முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைப்பார்கள். வேறொரு தெருக்காரி வந்து, கேட்பாரற்ற பிள்ளை என்று தூக்கிக்கொள்வாள். பெற்றவள் அவளிடம் ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் தன் பிள்ளையையே விலைக்கு வாங்குவாள். அப்புறம் அது அவள் பிள்ளை இல்லை, வாங்கின பிள்ளை. சாவு தேடிக்கொண்டு வந்தாலும் அடையாளம் தெரியாமல் திரும்பிப் போய்விடும். பெயரும் பிச்சை, குப்பை என்று வைப்பார்கள். பிள்ளை தேறும்வரை யார் கேட்டாலும் 'என் பிள்ளை' என்று வாயைத் திறக்கக் கூடாது. கேட்டவர் வெள்ளைக்காரச் சாமியார் என்றால் மட்டும் திறந்துவிடுவார்களா? அவர் 'யார் பிள்ளை' என்று கேட்டிருப்பார். 'மரியாயி பிள்ளை சாமி, நாங்க வெலைக்கு வாங்குனோம்' என்று இவர்கள் சொல்லியிருப்பார்கள். அவர் பாவம், எழுதிக்கொண்டார்.

அப்பாவிடம் சொன்னேன். "ஆமா தாயி! எங்கம்மா சண்டையில எங்கப்பாவ, தவுட்டுக்கு வாங்குன ஆளுக்கு இம்புட்டு ரோசமான்னு கேக்கும்," என்று சிரித்தார். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஆனால் இது யூகம். யூகத்தை எடுத்துக்கொண்டு போனால் ஸ்டான்லி அதைத் தேங்காய் மாதிரி உடைத்துப்போடுவார். எனக்குப் பேப்பர் வேண்டும். அப்போதுதான் ஞானத்தந்தை அருளப்பனிடம் கண் நின்றது. ஞானம்மாளின் அண்ணன். தாத்தாவுக்குப் பெண் கொடுத்தவரும் அவரே. கல்யாணம் பெண் வீட்டுப் பக்கம் நடந்திருந்தால், பதிவும் அந்தப் பங்கில்தான் கிடக்கும்.

வத்தலக்குண்டுப் பக்கம் இருந்த அந்தப் பழைய பங்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷத்துக் கல்யாணப் பதிவு கிடைத்தது. மணமகன் பிச்சைமுத்து. பெற்றோர், சவரியப்பன், ஞானம்மாள். அதற்குக் கீழே லத்தீனில் இரண்டு வரி. அங்கிருந்த வயதான சாமியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார்.

"மாமன் மகளக் கட்டுறதுக்குத் திருச்சபையில தடை இருக்கும்மா. ரத்த உறவு. ஆயர் விலக்குக் கொடுத்தாத்தான் தாலி கட்டலாம். இவங்களுக்குக் கொடுத்திருக்கு. மாப்பிள்ளையோட அம்மாவும் பொண்ணோட அப்பாவும் ஒரே வயித்துல பெறந்தவங்கன்னு விசாரிச்சு எழுதியிருக்கு. மாப்பிள்ளையோட பெத்தவங்க ரெண்டு பேரும் சத்தியம் பண்ணியிருக்காங்க."

"வளர்ப்புப் பிள்ளையா இருந்தா, சாமி?"

"ரத்தமே இல்லைன்னா விலக்கு எதுக்கும்மா? நேராத் தாலியக் கட்டிட்டுப் போகவேண்டியதுதான்."

எனக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. பிள்ளை சாகும் என்று பயந்தபோது பொய் சொன்ன அதே இரண்டு பேர், பிள்ளை வளர்ந்து மாப்பிள்ளையாக நின்றபோது சத்தியம் செய்து உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு ஏட்டிலும் சொன்னவர்கள் ஒன்றுதான். இரண்டாவது தடவை அவர்களுக்குப் பயமில்லை. எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்ட நகலை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஸ்டான்லியின் முகம் எப்படிக் கறுக்கும் என்று கற்பனை பண்ணிப் பண்ணிச் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் அப்பாவின் படுக்கை வரைக்கும்தான் வந்தது. அவர் மூச்சு அதற்குள் மாறிப்போயிருந்தது. நகலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இதக் காட்டுனா இடம் கொடுப்பாங்கெ. அப்புறம் அந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம் நானும் உங்கம்மாவும் பெருமையாக் கெடக்கணுமாக்கும்?" என்றார். "என் பேரச் சொல்லி அந்தச் செவுத்துக்கு நீ பூச்சுப் பூசாத. எனக்கு அவ பக்கம்தான் வேணும். எந்தப் பக்கம்ங்கிறது எனக்கு வேணாம்."

 தீர்மானத்தின் இரண்டாவது வரி மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவை மாற்றச் சொன்னதே அவர்கள்தான். ஸ்டான்லி ஆள்கூட அனுப்புவதாகச் சொன்னாரே.

புஷ்பமேரியைத் தேடிப்போனேன். சிஸ்டர் என்று கூப்பிட வாய் வரவில்லை. "அக்கா," என்றேன். நகலைக் காட்டி, அப்பாவையும் அம்மாவையும் கீழத்தெருப் பக்கமே வைக்க நினைத்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்க பங்காளிச் சண்டைக்கு எங்க எடம்தான் குப்பமேடா? ஸ்டான்லி மூக்க ஒடைக்க ஒரு பொணத்த இங்க கொண்டாந்து போடுவீங்க. நாங்க வாங்கி வச்சுக்கணும். அப்பிடித்தான?"

"பாதி அப்படித்தான்கா. பொய் சொல்லல. மீதிப் பாதி எங்கப்பா கேட்டது. எங்கம்மா பக்கத்துல படுக்கணும். மேலத்தெருப் பக்கம் வேணாங்கிறாரு. நான் கத்துனதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். அது தனி."

நகலில் பிச்சைமுத்து என்ற பெயரின் மேல் அவர் விரலை வைத்தார்.

"மரியாயி தூக்குன பிள்ளையோட மகன். வரட்டும், வேணாங்கல," என்றார். "ஆனா மறைச்சு வரக்கூடாது. எங்க தெருவுல எல்லார்கிட்டயும் மொதல்ல இதக் காட்டிச் சம்மதம் கேளுங்க. அடக்கம் முடிஞ்ச ஒடனே செவுத்துக்கு ரெண்டு பக்கமும் கேக்குறாப்புல வாசிக்கணும். மரியாயி பேரையும் சேத்துத்தான்."

கீழத்தெருவில் வீடு வீடாகப் போனேன். சிலர் உட்காரச் சொன்னார்கள். சிலர் வாசலிலேயே நிற்கவைத்து, 'இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் எங்க தெருவுக்கு வழி தெரிஞ்சதாக்கும்' என்று கேட்டார்கள். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெளியே மூச்சு விடவும் இல்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா இறந்தார். காலையில் டயாலிசிஸ் அறைக்குக் கூட்டிப்போகும் வழியில், என் கையைப் பிடித்தபடியே. நான் அழுது முடித்துவிட்டு ஸ்டான்லிக்குப் போன் போட்டேன்.

"என்ன, பேப்பர் கெடச்சுச்சா?" என்றார். இழவுச் செய்தி சொன்னவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"நீங்க சொன்னபடியே பண்ணிக்கிறேண்ணே. அம்மாவையும் எடுத்துக்கிறேன். ஆனா அனுமதிக்கு உங்க குடும்பத்துலருந்து எழுதிக் கொடுக்கணும். என்ன காரணம்னும் எழுதணும்."

"தாராளமா," என்றார். அவர் குரலில் பாயசம் வழிந்தது. அன்று மதியமே பேரவை முத்திரையோடு கடிதம் வந்துவிட்டது. 'பிச்சைமுத்து சந்ததியினர் எங்கள் இரத்த உறவு அல்லாத காரணத்தால், அவர்களைக் கீழத்தெருப் பகுதியில் அடக்கம் செய்யவும், மதலைமேரியின் எலும்புகளை அங்கு மாற்றவும் சவரியப்பன் குடும்பத்தார் முழு மனதுடன் சம்மதிக்கிறோம்.' கீழே ஸ்டான்லியின் கையெழுத்து, அவர் தம்பிமார் கையெழுத்து. அதை வைத்து மற்ற அனுமதிகளை வாங்கினேன். பங்குச்சாமியிடம் மட்டும் முன்கூட்டியே நகலைக் காட்டிவிட்டேன். படித்துவிட்டு அவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பிறகு, "நான் யார்கிட்டயும் வாயத் தெறக்கமாட்டேம்மா. எனக்கு இங்க வந்து ஆறு மாசந்தான் ஆச்சு," என்றார். முதல் தடவையாக அந்த வாக்கியம் ஒரு காரியத்துக்கு உதவியது.

மறுநாள் காலையில் அம்மாவை எடுத்தார்கள். எடுக்க நிறைய இல்லை. வெள்ளைத் துணியில் முடிந்து, புதுச் சிலுவை போட்ட சின்னப் பெட்டியில் வைத்தார்கள். பெட்டியை நானே சுமந்தேன். சுவரோரமாக வெளியே போய், தெருவைச் சுற்றி, கீழத்தெரு வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். நடுவில் ஒரு வழி விட்டிருந்தால் பத்தடி. அந்தச் சுற்று முழுவதும் எனக்கு அம்மாவின் கனம் தெரியவில்லை, என் கோபத்தின் கனம்தான் தெரிந்தது.

புஷ்பமேரியின் வீட்டார் அடங்கியிருக்கும் வரிசையில் குழி. அப்பாவை இறக்கி, அவர் பக்கத்தில் அம்மாவின் பெட்டியை வைத்தார்கள். கண்டக்டர் சீட்டில் ஒருத்தருக்கு இடம் பிடித்து வைப்பதுபோல் அப்பா எப்போதும் ஓரமாகத்தான் படுப்பார். அப்படியே இருந்தது. நான் மண் போட்டேன். எனக்குப் பிறகு புஷ்பமேரி போட்டார். கீழத்தெருவே வரிசையில் வந்து போட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டான்லியும் அவர் வகையறாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இழவுக்கு வந்ததாகக் கணக்கு. காலியான எங்கள் இடத்தில் அவர் செருப்புக்காலோடு நின்றார். அப்பா பதித்த செங்கலில் ஒன்று அவர் காலடியில் கிடந்தது.

கடைசி செபம் முடிந்தது. பங்குச்சாமி புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சுவர் வரைக்கும் நடந்து போய் நகலையும் நான் எழுதி வைத்திருந்த தாளையும் பிரித்தேன்.  இரண்டு பக்கமும் கேட்கும்படி வாசித்தேன். சவரியப்பனுக்கும் ஞானம்மாளுக்கும் பிறந்து அடக்கமான மூன்று பிள்ளைகள். நான்காவதைக் குப்பைமேட்டிலிருந்து தூக்கி ஒரு படி தவிட்டுக்குத் திருப்பிக் கொடுத்த கீழத்தெரு மரியாயி. அந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்கு ரத்த உறவென்று ஆயர் கொடுத்த விலக்கு. பெற்றவர்கள் பண்ணிய சத்தியம். பங்கின் பெயர், வருஷம், முத்திரை.

மரியாயி பெயர் வந்தபோது என் பின்னால் யாரோ விசும்பினார்கள்.  நகலைச் சுவரின் மேல் வைத்தேன். ஸ்டான்லி எடுத்துப் படித்தார். திருப்பிப் படித்தார். பின்னால் நின்ற அவர் தம்பி ஒருத்தன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது?" என்றான்.

"இத ஏன்டி மொதல்லயே காட்டல?" என்றார் ஸ்டான்லி. பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"காட்டியிருந்தா உங்க பக்கம் வச்சிருப்பீங்க. எங்கப்பாவுக்கு அது வேணாமாம்."

அவர் என் தோளுக்கு மேலாகப் புது மண்ணைப் பார்த்தார். அதில் கீழத்தெருப் பெண்கள் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். மலரில் கெட்டியான கறுப்புக் கோடு போட்டுக்கொண்ட மனுஷனின் முகத்தை அப்போதுதான் நான் முழுசாகப் பார்த்தேன்.

"அப்ப..." என்றார். "நம்ம ரத்தமா அங்க கெடக்கு?"

"ஆமாண்ணே," என்றேன். "உங்க கையெழுத்தோட."